வெயில் பட்டால் கறுத்துவிடும் சரக்கு

யாங்கோன் ஸ்ரீகாளி கோயிலில் கும்பிட்டுவிட்டு நாலு எட்டு வைத்தால் தெயின்ஜி சந்தை. கோயில் 1871இல் தமிழர்கள் எழுப்பியது. சந்தையோ சூரத்து வணிகர்கள் தொடங்கியது. துணிக்கடைகளை விடுங்கள், நாட்டு மருந்து வரிசைக்கு வாருங்கள். வேர், பட்டை, பிசின் சாக்குகளுக்கு நடுவில் யார் உட்கார்ந்திருப்பது? நம்ம காசுக்கட்டி! இங்கிருந்து கப்பலேறி இங்கிலாந்து மீனவர்களின் வலை மக்காமல் காத்த அதே சரக்கு. பழைய மருந்தியல் நூல்களில் இதற்குப் பர்மிய ஊரான பெகுவின் பேரால் ‘பெகு’ காசுக்கட்டி என்றே பெயர்.

ஒரு கட்டியை எடுத்துப் பாருங்களேன். மேலே மங்கிய கறுப்பு, அடியில் காய்ந்த இலைத் துணுக்கு. உடைத்தால் படக்கென்று முறியும், முறிந்த இடம் மினுங்கும். நாக்கில் வைத்தால் வாயையே இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. துப்பிவிடாதீர்கள், பின்னாலேயே இனிப்பு வரும்!

பிசின் வரிசையில் இருந்தாலும் இது மரம் வடித்த பிசின் அல்ல. பர்மியர் ‘ஷா’ என்றும் நம் சித்த வைத்தியர்கள் கருங்காலி என்றும் சொல்லும் மரத்தின் வைரத்தைச் சீவி, கொதிக்கவைத்து, வடிகட்டி, சுண்டக் காய்ச்சிய சாறு. ப்யே வட்டாரம் இதற்குப் பேர்போனது.

கூத்தே காய்ச்சிய பிறகுதான். சாற்றில் கேட்டிச்சின், டானின் என்று இரண்டு சங்கதி. ஆறவிட்டால் கேட்டிச்சின் படிகமாக உறையும். வட இந்தியாவில் அந்தப் படிகத்தைத் தனியே பிழிந்தெடுத்து, வில்லை வெட்டி, நிழலில் காயவைக்கிறார்கள். அதுதான் வெற்றிலைக்குப் போகும் வெளிர்நிறக் கத்தா. அடுப்பிலேயே நெடுநேரம் வற்றவிட்டாலோ, வெயிலில் போட்டு அவசரப்பட்டாலோ, கேட்டிச்சின் காற்றுபட்டு ஒன்றோடொன்று பிணைந்து டானினாகிக் கறுக்கும். இரும்புக் கொப்பரை என்றால் கேட்கவே வேண்டாம்: டானினும் இரும்பும் சேர்ந்து மசிக்கறுப்பு! சாயக்காரருக்கும் தோல் பதனிடுபவருக்கும் அந்தக் கறுப்பு போதும்.

சரி, உலர்ந்த நிழல்தான் எல்லாவற்றுக்கும் விதியா? அதுதான் இல்லை! பர்மாவின் பாகனில் அரக்குப் பாத்திரம் செய்பவர்கள் தித்சி மரப்பாலைப் பூசி, ஈரம் மிகுந்த நிலவறையில் நாள்கணக்கில் வைக்கிறார்கள். அந்தப் பாலில் உள்ள நொதிக்கு ஈரக்காற்று இருந்தால்தான் வேலை ஓடும். வறண்ட காற்றில் பூச்சு சரியாக இறுகாது. ஒன்றுக்கு ஈரம் எமன், இன்னொன்றுக்கு ஈரமே தாய். இரண்டும் மரத்திலிருந்து வந்த சரக்கு என்பதற்காக ஒரே முற்றத்தில் காயப்போட முடியாது.

யாங்கோனில் மே முதல் அக்டோபர் வரை மழை வெளுத்து வாங்கும். அரைகுறையாகக் காய்ந்த கட்டி அப்போது பூஞ்சணம் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். வாங்கும்போது ஒரு துண்டைப் பச்சைத் தண்ணீரிலும் இன்னொன்றைக் கொதிநீரிலும் போட்டுப் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் நல்ல கட்டி பாதிதான் கரையும், வெந்நீரில் ஏறக்குறைய முழுதாகக் கரையும். அடியில் இலைத் துணுக்கு தங்கினால் பரவாயில்லை. மணல் தங்கினால் காசைத் திருப்பிக் கேளுங்கள்.