ஒரே ஒரு தாள்

அலுவிகாரையில் பிறந்தவர்களுக்கு எழுத்தைப் பற்றி ஒரு பெருமை உண்டு. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னனின் காலத்தில், அதுவரை வாய்வழியாக வந்த பௌத்த மறைநூல்கள் ஓலையில் எழுதப்பட்டது எங்கள் ஊர்க் குகை விகாரையில்தான் என்பார்கள். இன்றும் அங்கே வருவோருக்கு ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணி ஓலையைக் கீறும். கீறலுக்குள் கருமையைத் தேய்த்து, மேலே நிற்பதைத் துடைத்துவிட்டால் எழுத்து மட்டும் மிஞ்சும்.

நான் சொல்லப் போகும் எழுத்து அப்படிக் கீறப்படுவதல்ல. அது மேலே படிவது. தண்ணீரில் ஊறி, தாளிலிருந்து வழுக்கி இறங்கி, ஒரு பொருளின் மேல் தோல்போல ஒட்டிக்கொள்வது. அதன் பெயர் டெக்கல். கடந்த இரண்டு மாதங்களாக என் நித்திரையைக் கெடுத்ததும் அதுதான்.

என் நானா 2022ஆம் ஆண்டு கட்டாருக்கு வேலைக்குப் போனார். போவதற்கு முன் பிளாஸ்டிக் மொடல் விமானம் ஒன்றைப் பூட்டி, நிறமும் பூசி வைத்திருந்தார். டெக்கல் ஒட்டுவது மட்டும் மிச்சம். "திரும்பி வந்து ஒட்டுவேன்" என்று பெட்டியை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். இந்த வருடம் விடுமுறையில் வரப்போகும் செய்தியைச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: "நீங்க ஒட்டி வைங்களேன் தங்கச்சி. ஆனா கவனம். ஒரே ஒரு தாள்தான் இருக்கு. இனி வாங்கேலாது."

உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன் என்ற துணிச்சலில் சம்மதித்துவிட்டேன்.

டெக்கலில் என்ன இருக்கிறது?

சாதாரண ஸ்டிக்கரில் பசை எப்போதும் பிசுபிசுப்பாக இருக்கும்; உரித்தால் ஒட்டும். டெக்கல் வேறு. அடியில் தடித்த தாள். அதன்மேல் நீரில் கரையும் பசை. இது பெரும்பாலும் மாப்பொருளிலிருந்து பெறப்படும் டெக்ஸ்ட்ரின். பசையின் மேல் கண்ணாடிபோன்ற மெல்லிய படலம். அந்தப் படலத்தில்தான் எழுத்தும் வட்டமும் அச்சாகியிருக்கும். தண்ணீரில் நனைத்தால் தாள் நீரை உறிஞ்சும், பசை இளகும், படலம் விடுபடும். அதைத் தூக்கக் கூடாது. வழுக்கி இறக்க வேண்டும். தூக்கினால் தன்மேல் தானே சுருண்டு ஒட்டிக்கொள்ளும்.

சமதளத்தில் இது இலகு. ஆனால் நானாவின் மொடல் ஹரிக்கேன் போர் விமானம்.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, நகுமோவின் கப்பற்படையிலிருந்து எழுந்த ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவற்றை எதிர்த்துப் பறந்தவற்றுள் பெரும்பாலானவை ஹரிக்கேன்கள். 30ஆம் படைப்பிரிவு இரத்மலானையிலிருந்தும், 258ஆம் படைப்பிரிவு கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையிலிருந்தும் எழும்பின. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டது. நானாவின் தாளில் இங்கிலாந்தில் பறந்த விமானம் ஒன்றின் அடையாளங்களும், இலங்கையில் பறந்த விமானம் ஒன்றின் அடையாளங்களும் இருந்தன. நானா தெரிந்தது இலங்கையை.

ஹரிக்கேனின் இறக்கை விரிவு 12.19 மீற்றர். 72இல் ஒரு பங்கு அளவில் அது ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர். என் கையின் சாண் அளவு. விமானியின் ஆசனத்துக்குப் பின்னால் உள்ள உடற்பகுதி உலோகத் தகடால் ஆனதல்ல. சட்டத்தின் மேல் நீளவாக்கில் மரச்சிம்புகள் வைத்து, அவற்றின் மேல் துணி போர்த்தியிருப்பார்கள். அதனால் மொடலிலும் அந்த இடம் வரிவரியாகப் புடைத்திருக்கும். வட்ட அடையாளமும் பெரிய எழுத்துக்களும் விழுவது சரியாக அந்த வரிகளின் மேல்தான். தட்டையான படலம் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி, ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்க வேண்டும்.

நான் செய்த பிழை

முதல் நாள் அஸர் தொழுதுவிட்டு, பிஸ்மி சொல்லி, இடப்பக்க வட்டத்தை வெட்டித் தண்ணீரில் போட்டேன். ஒரு நிமிடத்தில் அது மூன்று துண்டாக மிதந்தது. அலுமாரியில் கிடந்த வருடங்களில் படலம் மஞ்சளாகி, நொறுங்கும் நிலைக்கு வந்திருந்தது. நான் பார்க்கவே இல்லை.

இங்கிலாந்து விமானத்துக்குரிய வட்டமும் அதே அளவு என்பதால் ஒரு மாற்று இருந்தது. எழுத்துக்களுக்கு மாற்றே இல்லை. நானாவுக்கு எப்படிச் சொல்வது என்று குசினியில் நின்று அழுதேன்.

அப்போது வந்தவர் சாச்சி. மாத்தளை வரக்காமுறவில் ஜப்பானின் நொரிடாகே நிறுவனம் கூட்டுச் சேர்ந்து 1972இல் தொடங்கிய போர்சலின் தொழிற்சாலை இருப்பதை எங்கள் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. பீங்கான், கோப்பைகளுக்குப் பூப்போடும் பிரிவில்தான் சாச்சி கலியாணத்துக்கு முன்னும் பின்னும் வேலை செய்தார். "சாச்சி பீங்கானுக்குப் பூ ஒட்டினவ" என்று வீட்டில் சொல்வோம். அது என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மிதந்த துண்டுகளைப் பார்த்ததும் சாச்சி சொன்னார்: "இது எங்கட சாமான்தானே மகள். நாங்க ஒரு நாளைக்கு எத்தனை ஒட்டியிருப்பம்!"

உண்மைதான். பீங்கானில் உள்ள பூ பெரும்பாலும் தூரிகையால் வரைந்ததல்ல. அதுவும் நீரில் நனைத்து வழுக்கி இறக்கும் டெக்கல்தான். ஒரு வித்தியாசம் உண்டு. பீங்கான் பின்னர் சூளைக்குப் போகும். ஏறக்குறைய 800 பாகை செல்சியஸில் படலம் எரிந்து மறைய, நிறம் மட்டும் மினுக்கத்தோடு உருகிச் சேர்ந்துவிடும். மொடலின் பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கோ 100 பாகையளவிலேயே இளகிவிடும். ஆகவே சூளை செய்யும் வேலையை நாங்கள் திரவத்தாலும் பொறுமையாலும் செய்ய வேண்டும்.

சாச்சியும் நானும் கண்டுகொண்ட வழி

சாச்சிக்குக் கை தெரியும். எனக்குக் கொஞ்சம் இரசாயனவியல் தெரியும். இரண்டையும் சேர்த்து நாங்கள் செய்த ஒழுங்கு இது.

முதலாவது, பழைய தாளைச் சோதித்தல். தேவையில்லாத ஒரு சிறு டெக்கலை முதலில் நனைத்துப் பார்க்க வேண்டும். உடைந்தால் முழுத் தாளின் மேலும் தெளிவான வார்னிஷை இரண்டு முறை மெல்லியதாக விசிறி, ஒரு நாள் காயவிட வேண்டும். அது புதிய படலமாகிப் பழையதைத் தாங்கும். பின்னர் ஒவ்வொரு உருவத்தையும் அதன் ஓரத்தோடு ஒட்டி வெட்ட வேண்டும்; ஏனென்றால் வார்னிஷ் தாள் முழுவதையும் ஒரே படலமாக்கிவிடும். மஞ்சள் நிறம் போக, வார்னிஷ் விசிறுவதற்கு முன் தாளை யன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் வெயில் படும்படி சில நாட்கள் ஒட்டி வைத்தோம். மாத்தளை வெயில் அதைக் கவனித்துக்கொண்டது.

இரண்டாவது, ஒட்டும் இடத்தை மினுக்குதல். மங்கலான நிறப்பூச்சு கையால் தொட்டால் வழவழப்பாகத் தோன்றும். நுணுக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். அந்தப் பள்ளங்களில் டெக்கலின் கீழே காற்று சிக்கிக்கொள்ளும். காற்று ஒளியைச் சிதறச் செய்வதால், காய்ந்த பின் படலம் வெள்ளி பூத்ததுபோல் மினுங்கும். முதலிலேயே மினுக்க வார்னிஷ் பூசி, நன்றாகக் காயவிட்டால் காற்றுக்கு இடமிருக்காது. பீங்கானின் மேற்பரப்பு ஏற்கனவே மினுக்கமாக இருப்பதால் சாச்சிக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை.

மூன்றாவது, தண்ணீர். எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கும், வன்னீர். அது காய்ந்தால் டெக்கலைச் சுற்றி வெள்ளைத் தடம் விழும். கொதிக்க வைத்தால் தற்காலிக வன்மை நீங்கும் என்பது எங்கள் பாடத்தில் உள்ளது. கொதித்தாறிய நீரை வடித்து, இளஞ்சூட்டில் பாவித்தோம். டெக்கலைப் பத்து, பதினைந்து விநாடிகள் நனைத்து எடுத்து, டிஷ்யூவின் மேல் ஒரு நிமிடம் வைக்க வேண்டும். "மிதக்க விடாதீங்க மகள், பசை எல்லாம் தண்ணிக்குப் போயிடும்" என்பது சாச்சியின் முதல் பாடம்.

நான்காவது, இறக்குதல். ஒட்டும் இடத்தையும் முதலில் நனைக்க வேண்டும். அந்த நீரில் சில துளி வினாகிரி கலந்தோம். அதிலுள்ள அசற்றிக் அமிலம் படலத்தைச் சற்று இளக்கும். வெறும் நீர் மினுக்கமான பரப்பில் முத்து முத்தாகத் திரளும்; அது மேற்பரப்பு இழுவிசை. பாத்திரம் கழுவும் திரவத்தை ஊசி முனையளவு சேர்த்தால் நீர் பரவும். தாளை இடத்துக்குப் பக்கத்தில் பிடித்து, ஈரத் தூரிகையால் டெக்கலைத் தள்ளி இறக்கினோம். நீர் இருக்கும்வரை அது நகரும். அதற்குள் நேராக்கிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, நீரை வெளியேற்றுதல். தொழிற்சாலையில் இதற்கு இறப்பர்த் தகடும் ஸ்பொஞ்சும் இருந்தனவாம். நாங்கள் ஈரமாக்கிய பஞ்சுக்குச்சியை எடுத்தோம். எப்போதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு. தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும்.

ஆறாவது, வரிகளுக்குள் இறக்குதல். இதற்கென்று டெக்கல் இளக்கித் திரவங்கள் விற்பனைக்கு உண்டு. நானாவின் பெட்டியில் ஒரு சிறு போத்தலின் அடியில் கொஞ்சம் இருந்தது. அதைத் தூரிகையால் மேலே தொட்டு வைத்தேன். இரண்டு நிமிடத்தில் வட்டம் முழுவதும் கிழவியின் முகம்போல் சுருங்கியது. நான் பதறிக் கையை நீட்ட, சாச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சும்மா இருங்க. இப்ப தொட்டா போச்சு." சுருக்கம் என்பது படலம் இளகி விரிகிறது என்பதற்கு அடையாளம். அந்த நேரத்தில் அது ஈரத் தாளைவிட மெலிந்தது. விரல் பட்டால் கிழிந்துவிடும். அரை மணித்தியாலத்தில் சுருக்கங்கள் தாமாகவே அடங்கி, வரிகள் வட்டத்தினூடாக எழும்பி வந்தன. காற்று நின்ற ஓரிடத்தில் ஊசியால் குத்தி, மறுபடியும் திரவம் தொட்டோம். நான்கு முறை செய்ய வேண்டியிருந்தது.

ஒரு எச்சரிக்கை. நகப்பூச்சு அகற்றும் அசற்றோனை இதற்குப் பாவிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது டெக்கலை மட்டுமல்ல, மொடலின் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். வார்னிஷ் விசிறும்போது யன்னல்களைத் திறந்து வையுங்கள்.

கடைசியாக, ஒரு நாள் காய்ந்த பின் ஈரத்துணியால் பசைத் தடங்களை ஒற்றி எடுத்து, முழுவதற்கும் மங்கல் வார்னிஷ் விசிற வேண்டும். அப்போது படலத்தின் ஓரம் மறைந்து, எழுத்து நிறப்பூச்சோடு ஒன்றாகிவிடும்.

நானா வந்த பின்

நானா வந்து விமானத்தை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு எழுத்து ஒரு மில்லிமீற்றர் சரிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். உடைந்த வட்டத்தைப் பற்றியும் நானே சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. வரிகளைத் தடவிக்கொண்டே, "இது எப்படி இவ்வளவு இறங்கிச்சு? எனக்கு ஒருநாளும் இப்படி வந்ததில்லையே" என்றார்.

நான் சாச்சியைக் காட்டினேன். நானா அவரருகே போய் அமர்ந்து, சூளை பற்றி, ஸ்பொஞ்ச் பற்றி, ஒரு கோப்பையைச் சுற்றி வரும் பூவரிசையின் இரண்டு நுனியும் சரியாகச் சந்திக்கச் செய்வது பற்றி ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தார். சாச்சி இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கடைசியில் அவர், "நாங்க ஒட்டின பீங்கான்ல எந்த நாட்டில யார் சாப்பிடுறாங்களோ" என்று சிரித்தார்.

டெக்கல் ஒட்டக் கற்றுக்கொண்டேன். அதைவிட, என் வீட்டிலேயே இத்தனை வருடம் இருந்த ஒரு கைத்திறனை நாங்கள் "பூ ஒட்டினவ" என்ற இரண்டு சொல்லில் மூடி வைத்திருந்தோம் என்பதையும் கற்றுக்கொண்டேன்.

தோழியரே, இன்று இராச் சாப்பாட்டின்போது உங்கள் பீங்கானின் ஓரத்துப் பூவரிசையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எங்கோ ஓரிடத்தில் மிக மெல்லிய ஒரு பொருத்து தெரியக்கூடும். அங்கேதான் ஒரு பெண்ணின் விரல் நின்றிருக்கிறது. உங்கள் உம்மாவிடமும், சாச்சியிடமும், மாமியிடமும் அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று மட்டும் கேட்காமல், அதை எப்படிச் செய்தார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.