ஆதன் என்னும் அருந்தமிழ்ப் பெயர்



நம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டில் ஆதன் என்னும் பெயருடைய மாணவன் ஒருவன் பயில்கின்றான். ஒருநாள் இடைவேளையின்போது அவன் கண்கலங்கி நின்றான். காரணம் வினவினேன். நூலகத்தில் இருந்த தமிழ் அகராதியில் தன் பெயரைத் தேடிப் பார்த்ததாகவும், அங்கே 'அறிவில்லாதவன்' என்று பொருள் எழுதியிருந்ததாகவும், அதனைக் கண்ட தோழர் சிலர் தன்னை எள்ளி நகையாடியதாகவும் கூறினான். மறுநாள் அவன் தந்தையார் பால்மரம் வெட்டி முடித்த கையோடு பள்ளிக்கு வந்தார். "ஐயா, ஆசையாய் வைத்த பெயர், மாற்றிவிடத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். அவ்விருவருக்கும் யான் கூறிய விளக்கத்தையே இங்கு எழுதுகின்றேன்.

அகராதி பொய் சொல்லவில்லை. ஆயினும், அது ஒரு பொருளோடு நின்றுவிடவும் இல்லை. 'ஆறு' என்னும் சொல் ஓடும் நீரையும் குறிக்கும், எண்ணையும் குறிக்கும். 'மாலை' என்பது பொழுதுமாகும். கழுத்தில் அணியும் பூந்தொடையலும் ஆகும். அவ்வாறே, ஆதன் என்னும் சொல்லுக்கு 'உயிர்' என்னும் பொருளையும் அகராதிகள் தருகின்றன. அறிவில்லாரை 'ஆதர்' என்று கூறும் வழக்கு, பிற்காலப் பக்தி நூல்களில் காணப்படுவது. ஆதன் என்னும் பெயரோ அந்நூல்களுக்கு நெடுங்காலம் முற்பட்டது. ஒரு பெயரின் பெருமையை அறிய வேண்டுமாயின், அப்பெயரைத் தாங்கியவர் யாவர் என்று பார்த்தல் வேண்டும்.

முதலில் மன்னர்களைப் பார்ப்போம். சேர வேந்தரின் புகழ்பாடும் சங்க நூல் பதிற்றுப்பத்து. அதன் இரண்டாம் பத்தின் தலைவன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். ஆறாம் பத்தின் தலைவன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். அவனைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர். ஏழாம் பத்தில் கபிலர் பாடிய மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதன். மூவர் பெயரும் 'ஆதன்' என்றே முடிதல் காண்க. தமிழகத்தில் கரூரை அடுத்த புகளூர் மலைப்பாறையிலும் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆதன் செல்லிரும்பொறை என்னும் சேர மன்னனின் பெயர் வெட்டப்பட்டுள்ளது. தன் குலக்கொழுந்துக்கு 'அறிவிலி' என்று எந்த வேந்தனாவது பெயர் சூட்டுவானா?

இப்பெயர் அரண்மனைக்குள் மட்டும் வழங்கியதன்று. மதுரைக்கு அருகில் உள்ள கீழடியில் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்னும் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. அவ்வூரின் பழமை கி.மு. ஆறாம் நூற்றாண்டளவிற்குச் செல்கிறது என்று தமிழகத் தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. தம் வீட்டுப் பானையில் தம் பெயரைத் தாமே எழுதி வைக்கும் அளவிற்கு எழுத்தறிந்த மக்கள் அன்று அங்கே வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவன் ஆதன்!

இனி, இலக்கணம் கூறும் சான்று ஒன்று உண்டு. முன்னாளில் தந்தையை மகன் பெயரோடு சேர்த்து அழைக்கும் வழக்கம் இருந்தது. நம் தோட்டத்து லயங்களிலும் "மணியத்தோட அப்பா" என்று அழைப்பது நாம் அறிந்ததே. கொற்றனின் தந்தை 'கொற்றந்தை' ஆனார். சாத்தனின் தந்தை 'சாத்தந்தை' ஆனார். ஆதனின் தந்தையோ சுருங்கி 'ஆந்தை' ஆனார். பூதனின் தந்தை 'பூந்தை' ஆனார். இவ்விரண்டு பெயர்களுக்கெனத் தொல்காப்பியர் தனியே ஒரு விதி வகுத்துள்ளார். எங்கோ ஓரிருவருக்கு மட்டும் இருந்த பெயராயின் அதற்கு இலக்கண விதி எதற்கு? ஊர்தோறும் ஆதன்கள் இருந்தமையே காரணமாதல் வேண்டும்.

இவ்விடத்தில் மாணவர்க்கு ஒரு செய்தி. பிசிராந்தையார் என்னும் புலவரின் பெயரைக் கேட்டதும் ஆந்தைப் பறவையை நினைத்துச் சிரிப்பவர் உண்டு. பிசிர் என்பது பாண்டிய நாட்டு ஊர். ஆந்தை என்பது ஆதன் தந்தை. உறையூரில் வாழ்ந்த கோப்பெருஞ்சோழனை நேரிற் காணாமலே நட்புக் கொண்டு, அவன் வடக்கிருந்து உயிர் துறந்தபோது தேடிவந்து தாமும் உயிர் துறந்த பெருந்தகை அவர். அவர் வரலாற்றைப் பாவேந்தர் பாரதிதாசன் நாடகமாக எழுதினார். அந்நூலுக்கு 1969ஆம் ஆண்டில் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. நட்புக்கு இலக்கணமாக நாம் போற்றும் அப்பெரியாரின் பெயருக்குள்ளேயும் ஆதன் இருக்கின்றான்.

இத்துணைப் புகழ் பெற்ற பெயர் பின்னர் ஏன் அருகியது? இடைக்காலத்தில் இறைவனின் திருப்பெயர்களையும் வடமொழிப் பெயர்களையும் சூட்டும் வழக்கம் ஓங்கியது. பழம்பெயர்கள் பல மறைந்தன. 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் பின்னர் நெடுஞ்செழியன், இளங்கோ, அன்பழகன் போன்ற பெயர்கள் புத்துயிர் பெற்றுக் கடல் கடந்து நம் நாட்டிற்கும் வந்தன. ஆதன் மட்டும் ஏட்டிலேயே தங்கிவிட்டான். ஆகவேதான் இன்று இப்பெயர் நம் காதுக்குப் புதிதாய் ஒலிக்கின்றது.

இப்பெயரைச் சூட்ட விரும்பும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிறப்புப் பத்திரம் எடுக்கச் செல்லும்போது, முதலெழுத்து நெடில் என்பது தெரியுமாறு ரோமன் எழுத்தில் 'ஏ'யை இரண்டு முறை இட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். ஓர் எழுத்துக் குறைந்தால் ஆதன் 'அதன்' ஆகிவிடுவான். கிராணியார் காதில் விழுந்தபடி பேரேட்டில் எழுதியதால் உருமாறிப்போன பெயர்கள் நம் தோட்டங்களில் எத்தனை என்பதை நாம் அறிவோம்.

யான் சொன்னவற்றைக் கேட்டு முடித்த தந்தையார், மகனின் தோளில் கைவைத்து, "கேட்டுக்கிட்டியாப்பா?" என்றார். மறுவாரம் அம்மாணவன் வகுப்பின் முன் நின்று, கீழடிப் பானை ஓட்டில் உள்ள தன் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்திலேயே கரும்பலகையில் எழுதிக் காட்டினான். முன்பு நகைத்த தோழர்கள், தத்தம் பெயரையும் அவ்வாறு எழுதித் தருமாறு அவனைச் சூழ்ந்துகொண்டனர்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பெயரின் வரலாற்றை இன்றே வீட்டில் கேட்டறியுங்கள். பெற்றோர்களே! பிள்ளைக்குப் பெயரைச் சூட்டுவதோடு நில்லாது, அதன் பொருளையும் சொல்லிக் கொடுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நற்பெயர்!