23 வயதுக்குட்பட்ட மலேசியக் காற்பந்துக் குழு: பதக்கப் பட்டியலை எப்படிப் படிப்பது?

"விளையாட்டுத் துறையில் மலேசியா" என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். நம்ம மாணவர்களில் பலர் நேராகக் காற்பந்துக்குத்தான் போவார்கள். அந்தக் கட்டுரைகளில் தவறாமல் வருகிற ஒரு வாக்கியம் இருக்கிறது: "2009, 2011-இல் தங்கம் வென்ற நம் இளையோர் குழு, அதன் பிறகு தரம் தாழ்ந்துவிட்டது."

வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆண்டுகளும் சரி. ஆனால் கருத்து நிற்குமா? 2011-இல் தங்கம் வென்ற விளையாட்டாளர்களில் ஒருவர்கூட 2017-இல் அந்தக் குழுவில் ஆடியிருக்க முடியாது. வயது விதி விடாது. அப்படியென்றால் தரம் தாழ்ந்தது யார்?

நம் பள்ளியின் எஸ்.பி.எம். முடிவை நினைத்துப் பாருங்கள். போன வருடம் எழுதிய பிள்ளைகள் வேறு, இந்த வருடம் எழுதுகிற பிள்ளைகள் வேறு. பள்ளியின் பெயர் மட்டும்தான் ஒன்று. இளையோர் காற்பந்துக் குழுவும் அப்படித்தான். அதன் பதிவேட்டைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்த வயது விதி? எந்த அணியினர்? அவர்கள் அடுத்து எங்கே போனார்கள்?

1. எந்த வயது விதி?

சீ விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் காற்பந்தில் மலேசியா 1961, 1977, 1979, 1989, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் தங்கம் வென்றது. 1961-இல் நாம் இன்னும் மலாயா. போட்டியின் பெயரும் அப்போது சீப் விளையாட்டுப் போட்டி. மொத்தம் 6 தங்கம் என்று மாணவர்கள் எழுதுவது சரிதான். ஆனால் இந்த ஆறும் ஒரே வகை இல்லை.

முதல் நான்கையும் வென்றது வயது வரம்பு இல்லாத தேசியக் குழு. எழுபதுகளில் மொக்தார் டஹாரி, கோல் காவலர் ஆர். ஆறுமுகம் போன்றவர்கள் ஆடிய குழு அது. 2001-இல் கோலாலம்பூர் போட்டி தொடங்கித்தான் 23 வயது வரம்பு வந்தது. ஆகவே இளையோர் குழுவின் கணக்கில் 2 தங்கம் மட்டுமே சேரும்.

வரம்பும் நிலையாக இருக்கவில்லை. 2017-இல் 22 வயது. 2019-இல் 22 வயதோடு வயது கடந்த இருவருக்கு அனுமதி. வியட்நாம் நடத்திய 2021-ஆம் ஆண்டுப் போட்டியில் 23 வயதோடு வயது கடந்த மூவர். (பெருந்தொற்றால் அந்தப் போட்டி 2022 மே மாதத்தில்தான் நடந்தது.) 2023-இல் மீண்டும் 22. ஒரு வயதுதானே என்று நினைக்காதீர்கள். 19 வயதுப் பையனுக்கும் 23 வயது இளைஞனுக்கும் உடல் வலிமையில், ஆட்ட அனுபவத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

2. பன்னிரண்டு போட்டிகள், ஒரே பார்வையில்

வயது வரம்பு வந்த பிறகு, 2023 வரை சீ விளையாட்டுப் போட்டியில் நம் குழு அடைந்த இடங்கள்:

2001 – வெள்ளி
2003 – வெண்கலம்
2005 – வெண்கலம்
2007 – குழுச் சுற்றில் வெளியேற்றம்
2009 – தங்கம்
2011 – தங்கம்
2013 – நான்காம் இடம்
2015 – குழுச் சுற்றில் வெளியேற்றம்
2017 – வெள்ளி
2019 – குழுச் சுற்றில் வெளியேற்றம்
2021 – நான்காம் இடம்
2023 – குழுச் சுற்றில் வெளியேற்றம்

மாணவர்களே, இதை நீங்களே எண்ணிப் பாருங்கள். தங்கம் 2, வெள்ளி 2, வெண்கலம் 2, நான்காம் இடம் 2, குழுச் சுற்று வெளியேற்றம் 4. அதாவது 12 போட்டிகளில் 8 முறை அரையிறுதி வரை போயிருக்கிறோம்.

"ஏறியது, பிறகு இறங்கியது" என்று ஒரே கோடாக இதை வரைய முடியாது. 2007-இல் குழுச் சுற்றோடு திரும்பிய நாடு 2009-இல் தங்கம் வென்றது. 2015-இல் குழுச் சுற்றோடு திரும்பிய நாடு 2017-இல் இறுதியாட்டத்துக்குப் போனது. ஒவ்வோர் அணியினரும் புதிதாகத் தொடங்குகிறார்கள். முந்தைய அணியினரின் தங்கமோ தோல்வியோ அவர்களுக்கு ஒரு கோலைக்கூடக் கொடுக்காது.

3. 2009, 2011: தங்கம் எப்படி வந்தது?

1993 முதல் 2007 வரை தாய்லாந்து தொடர்ந்து 8 முறை தங்கம் வென்றிருந்தது. 2009-இல் லாவோஸ் தலைநகர் வியன்டியானில் அந்தத் தொடர் அறுந்தது. பயிற்றுநர் கே. ராஜகோபாலின் குழு, குழுச் சுற்றில் தாய்லாந்தை 2-1 என வென்றது. தாய்லாந்து அரையிறுதிக்கே வரவில்லை. அதே சுற்றில் நாம் வியட்நாமிடம் 1-3 எனத் தோற்றிருந்தோம். இறுதியாட்டத்தில் மீண்டும் அதே வியட்நாம். ஆட்டம் முடியும் தறுவாயில் வியட்நாம் விளையாட்டாளர் ஒருவர் மேல் பட்டே பந்து அவர்கள் வலைக்குள் போனது. 1-0. இருபது ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு தங்கம்.

2011-இல் பயிற்றுநர் ஓங் கிம் சுவீ. இறுதியாட்டம் ஜகார்த்தாவின் கெலோரா புங் கார்னோ அரங்கில், சொந்த மண்ணில் ஆடிய இந்தோனேசியாவோடு. தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கினோம். அஸ்ராருடின் புத்ரா ஓமார் சமன் செய்தார். 1-1. பெனால்டியில் 4-3 என வென்றோம்.

இதற்குப் பின்னால் ஹரிமாவ் மூடா திட்டம் இருந்தது. 2007-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், இளம் விளையாட்டாளர்கள் ஒரே குழுவாக ஆண்டு முழுவதும் பயிற்சி எடுத்து, லீக் போட்டியிலும் ஆடினார்கள். 2009-இல் அந்தக் குழு மலேசிய பிரிமியர் லீக்கையே வென்றது. 2012-இல் சிங்கப்பூரின் எஸ். லீக்கில் ஆடியது. 2015 இறுதியில் திட்டம் கலைக்கப்பட்டது.

"அப்போ ஹரிமாவ் மூடா இருந்ததால தங்கம், கலைச்சதால தோல்வி. சரிதானே சார்?" என்று வகுப்பில் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் பட்டியலை மறுபடி பாருங்கள். 2013-இல் நான்காம் இடமும் 2015-இல் குழுச் சுற்று வெளியேற்றமும் திட்டம் இருந்தபோதே வந்தவை. 2017 வெள்ளி, கலைத்த பிறகு வந்தது. ஆண்டு முழுவதும் சேர்ந்து ஆடுவது உதவும் என்று சொல்லலாம்; அது மட்டுமே காரணம் என்று எழுதினால் தரவு ஒத்துழைக்காது. இன்னொரு காரணமும் உண்டு. சீ விளையாட்டுப் போட்டி பிஃபா நாட்காட்டியில் இல்லை. கிளப்புகள் தங்கள் இளம் விளையாட்டாளர்களை விட்டுத்தர வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் யார் கிடைப்பார்கள் என்பதே பயிற்றுநருக்குப் பெரிய கவலை.

4. 2017: வெள்ளி வாங்கிய அணியினர்

பட்டியலில் ஒரே ஒரு வரியை ஆழமாகப் படிக்கச் சொன்னால் நான் 2017-ஐத்தான் எடுப்பேன்.

சொந்த மண்ணில் நடந்த போட்டி. குழுச் சுற்றில் புருணை, சிங்கப்பூர், மியன்மார், லாவோஸ் நான்கையும் வென்றோம். அரையிறுதியில் இந்தோனேசியாவுக்கு எதிராக ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது என். தனபாலன் தலையால் முட்டி கோல் போட்டார். 1-0. ஐந்து ஆட்டம், ஐந்து வெற்றி.

ஷா ஆலாம் அரங்கில் தாய்லாந்தோடு இறுதியாட்டம். முதல் பாதியில் கார்னரிலிருந்து வந்த பந்து நம் கோல் காவலரின் கையிலிருந்து நழுவி வலைக்குள் போனது. அந்த ஒரே கோலில் 0-1 எனத் தோற்றோம். அந்தக் கோல் காவலருக்கு அப்போது வயது 19. படிவம் 5 முடித்து இரண்டு வருடம்கூட ஆகாத வயது. நம்மில் எத்தனை பேர் அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னென்ன சொல்லியிருப்போம்!

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். அவர்கள் அடுத்து எங்கே போனார்கள்?

2017 சீ போட்டிக்கான வரம்பு, 1995 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள். 2018 ஜனவரியில் சீனாவில் நடந்த ஆசிய 23 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கும் அதே வரம்புதான். 2018 ஆகஸ்டு ஆசிய விளையாட்டுப் போட்டிக்கும் அதே வரம்பு (வயது கடந்த மூவருக்கு அனுமதி உண்டு). பயிற்றுநரும் அதே ஓங் கிம் சுவீ. ஆகவே இவை மூன்றும் ஏறக்குறைய ஒரே தலைமுறையின் கதை.

சீனாவில், இந்தப் போட்டிக்கு முதல் முறையாகத் தகுதி பெற்ற நாம் ஈராக்கிடம் 1-4 எனத் தோற்று, ஜோர்டானோடு 1-1 எனச் சமநிலை கண்டு, சவூதி அரேபியாவை 1-0 என வீழ்த்திக் காலிறுதிக்குப் போனோம். காலிறுதியில் தென் கொரியா முதல் நிமிடத்திலேயே கோல் போட்டது. அப்புறமும் நம்ம பசங்க விடவில்லை. தனபாலன் மீண்டும் தலையால் முட்டிச் சமன் செய்தார். கடைசி நேரத்தில் இன்னொரு கோல் வாங்கி 1-2 எனத் தோற்றோம்.

ஆறு மாதத்துக்குச் சற்று அதிகமான இடைவெளி. இந்தோனேசியாவின் பாண்டுங்கில் மீண்டும் தென் கொரியா. சஃபாவி ரசிட் முதல் பாதியிலேயே இரண்டு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் கொரியா, சோன் ஹியுங் மின்னையே களத்தில் இறக்கியது. அப்படியும் நாம் 2-1 என வென்று குழுவில் முதலிடம் பெற்றோம். அடுத்த சுற்றில் ஜப்பானிடம் கடைசி நிமிட பெனால்டியில் 0-1 எனத் தோற்றோம். அந்த ஆண்டு தங்கம் வென்றது யார் தெரியுமா? நாம் வீழ்த்திய அதே தென் கொரியா.

2017 ஆகஸ்டு மாதம் "கோட்டை விட்டவர்கள்" என்று பேர் வாங்கியவர்கள், ஒரு வருடத்தில் இவ்வளவு தூரம் போனார்கள். பதக்கப் பட்டியலில் இதற்கென்று ஒரு பதக்கமும் இல்லை.

5. இளையோர் குழுவின் உண்மையான விளைச்சல்

வயது வரம்புள்ள குழுவின் வேலை, தேசியக் குழுவுக்கு ஆள் கொடுப்பது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 2009 அணியினரின் மதிப்பு இன்னும் கூடுகிறது. அடுத்த ஆண்டே, அதே ராஜகோபாலின் கீழ், சஃபிக் ரஹிம், எஸ். குணாளன் போன்ற அந்த அணியினர் தேசியக் குழுவில் ஆடினார்கள். 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 4-2 என வென்று, ஆசியான் காற்பந்துக் கிண்ணத்தை மலேசியா முதல் முறையாகக் கைப்பற்றியது. 2018 ஆசியான் கிண்ணத்தில் நாம் இறுதியாட்டம் வரை போனோம். வியட்நாமோடு 2-2 எனச் சமநிலை கண்ட முதல் ஆட்டத்தில் ஒரு கோல் சஃபாவியுடையது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆசிய 23 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு 2022-இலும் 2024-இலும் தகுதி பெற்றோம். இரண்டிலும் மூன்று குழு ஆட்டங்களிலும் தோல்வி. 2018-ஐச் சேர்த்தால் 10 ஆட்டங்களில் 1 வெற்றி, 1 சமநிலை, 8 தோல்வி. இ. இளவரசனின் 2023 சீ குழு சிங்கப்பூரை 7-0 என நொறுக்கியது. இருந்தும் தாய்லாந்திடமும் வியட்நாமிடமும் தோற்றதால் அரையிறுதி கிடைக்கவில்லை. தென்கிழக்காசியாவில் எட்டுகிற தூரத்தில் இருக்கிறோம், ஆசிய அளவில் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். இதுதான் தரவு சொல்கிற முடிவு.

6. கட்டுரையில் எப்படி எழுதுவது?

தொடக்கத்தில் பார்த்த வாக்கியத்தை இப்படித் திருத்தலாம்:

"வயது வரம்பு நடைமுறைக்கு வந்த 2001 முதல் 2023 வரையிலான 12 சீ விளையாட்டுப் போட்டிகளில், மலேசிய இளையோர் குழு 8 முறை அரையிறுதிக்குத் தகுதி பெற்று 2 முறை தங்கம் வென்றுள்ளது; எனினும், 2011-க்குப் பிறகு அக்குழுவால் மீண்டும் தங்கத்தை எட்ட இயலவில்லை."

கால எல்லை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, "எனினும்" என்ற இடைச்சொல் இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்கிறது. இளைஞர் யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் இல்லை.

மொழிக் குறிப்புகள் சில:

• கால் + பந்து = காற்பந்து. லகரம் றகரமாகத் திரிந்தது.
• வயதுக்கு + உட்பட்டோர் = வயதுக்குட்பட்டோர். சேர்த்தே எழுதுக.
• வாகை சூடியது, தோல்வியைத் தழுவியது, சமநிலை கண்டது ஆகிய தொடர்களை இடமறிந்து பயன்படுத்துக. குழுச் சுற்று ஆட்டம் ஒன்றை வென்றதற்கு "வாகை சூடியது" என்று எழுத வேண்டாம். கிண்ணம் கையில் வந்தால்தான் வாகை.
• "நம்ம பசங்க" என்பது பேச்சு வழக்கு. வகுப்பில் பேசலாம், தேர்வுத் தாளில் "நம் விளையாட்டாளர்கள்" என்று எழுதுக.

7. பயிற்சி வினாக்கள்

1. மலேசியாவின் 6 சீ காற்பந்துத் தங்கங்களை ஏன் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது?
2. "ஹரிமாவ் மூடா திட்டமே தங்கத்துக்குக் காரணம்." இக்கூற்றைப் பட்டியலின் துணையோடு ஆராய்க.
3. 2017 வெள்ளிப் பதக்க அணியினரை வெற்றியாளர்கள் எனலாமா? இரண்டு சான்றுகளோடு விளக்குக.
4. ஓர் இளையோர் குழுவை மதிப்பிடப் பதக்கத்தைத் தவிர வேறு எந்த அளவுகோலைப் பயன்படுத்தலாம்?

மூன்றாம் வினாவைக் குழுவாகப் பேசவிட்டுப் பிறகு எழுதச் சொன்னால் நல்ல பலன் தரும், ஆசிரியர்களே. வகுப்பில் காற்பந்து பார்க்காத மாணவிகளும் இதில் உற்சாகமாக வாதிடுவார்கள். ஒரு தவற்றுக்காக 19 வயதுப் பையனை எவ்வளவு நாள் பேசலாம் என்ற கேள்வியில் அவர்கள் எல்லாருக்குமே சொல்ல ஏதாவது இருக்கும்.