கச்சான் காலத்து விடுமுறையும் பிள்ளைகளின் உணவும்

தென்மேற்கிலிருந்து வந்து, மலைநாட்டில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரமற்றுக் கிழக்கே இறங்கும் வறண்ட காற்றை இலங்கையின் மட்டக்களப்பு மக்கள் கச்சான் என்பர். அக்காற்று வந்தாறுமூலை போன்ற வாவிக்கரை ஊர்களை வாட்டும் ஆகஸ்ட் மாதத்திலேயே பாடசாலை விடுமுறையும் வழமையாக வருகிறது. மழையை மட்டும் நம்பிய வயல்களில் பெரும்போகம் ஒன்றே விளைவதால், அவற்றில் கூலிக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இது கை வறண்ட காலமாகும். தரம் 1 முதல் 5 வரையுள்ள மாணவர் அனைவருக்கும் 2024இல் விரிவாக்கப்பட்ட பாடசாலை உணவோ பாடசாலை நடக்கும் நாள்களுக்கே உரியது. 1973இல் தொடங்கிய திரிபோஷ எனும் சத்துமாவும் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நிறை குறைந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோரோடு நின்றுவிடுவதால், விடுமுறையில் ஏழெட்டு வயதுப் பிள்ளை இரண்டுக்கும் இடையில் விடுபட்டுப்போகிறது.

இந்த இடைவெளியை உணர்ந்த அமெரிக்கா 1968இல் கோடை விடுமுறை உணவைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. இந்திய உச்ச நீதிமன்றமோ, வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்கப்பட வேண்டுமென 2004 ஏப்ரலில் ஆணையிட்டது; வறட்சியையும் விடுமுறையையும் சேர்த்து நோக்கிய அந்த ஆணையே வந்தாறுமூலையின் நிலைக்கு மிக நெருங்கியது.

வயிறு நிறைந்தும் மந்தபோசணை, அதாவது உடலுக்குத் தேவையான சத்துகள் போதாமை, நேரலாம் என்பதால் உணவோடு அறிவும் சென்றடைய வேண்டும். சோற்றுப் புரதத்தில் குறைவாயுள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பயற்றில் நிறைந்திருப்பதால், சோறும் பயறும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இலைக்கறிகளிலுள்ள இரும்பு உடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. அதற்குத் தேசிக்காய்ப் புளி துணைசெய்ய, சாப்பாட்டோடு குடிக்கும் வெறுந்தேநீர் தன் துவர்ப்புப் பொருள்களால் தடைசெய்கிறது. பாணும் தேநீருமாகக் காலையைக் கழிக்கும் வீடுகளுக்கு இந்தச் செய்தி, செலவேதுமின்றித் தேநீரை ஒரு மணிநேரம் தள்ளிவைப்பதாலேயே பயன் தரும். ஈழத்தில் கச்சான் என்றே வழங்கும் நிலக்கடலை, முருங்கையிலை, வாவி மீன் ஆகிய சத்துணவுகள் எவையும் வந்தாறுமூலைக்குப் புதியனவல்ல.

1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றிய கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அவ்வூரிலேயே இருக்கிறது. வைகாசிச் சடங்கில் ஊருக்கே பொங்கும் கிடாரங்கள் இப்பகுதியின் கண்ணகி அம்மன் கோயில்களில் உள்ளன. அவற்றில் ஒன்றை ஆகஸ்டிலும் அடுப்பேற்றி, காலை பத்து மணிக்குப் பயறிட்ட இலைக்கஞ்சி வார்த்து, அதில் தேசிக்காய் பிழிவது ஏனென்று அந்தப் பீடத்தினர் பிள்ளைகளுக்கு அங்கேயே விளக்கினால், அந்த விடுமுறை உணவு வகுப்பறையுமாகிவிடும்.