மீராஸும் மிராசும்

மன்னராட்சிக்கும் பிரபுத்துவத்திற்கும் எதிரான மக்கள் புரட்சி என்றதும் 1789ஆம் ஆண்டின் பாரிஸ் நகரமே பலருக்கும் நினைவுக்கு வரும். அக்கோடையில் நாட்டுப்புற உழவர்கள் பிரபுக்களின் மாளிகைகளுள் புகுந்தபோது, பல இடங்களில் அவர்கள் தேடியது பொன்னையன்று; தங்கள் வரிகளும் கடமைகளும் எழுதப்பட்ட ஏடுகளையே தேடியெடுத்து எரித்தார்கள். ஆகஸ்டு 4ஆம் நாள் இரவு தேசிய சபை பிரபுத்துவத்தை ஒழிப்பதாக அறிவித்தது. ஆயினும் நிலத்தின் மீதிருந்த பல கடமைகளை உழவர் விலை கொடுத்தே மீட்க வேண்டியிருந்தது. அவை நட்டஈடின்றி நீங்கியது 1793 ஜூலையில்தான். எனவே ஒரு புரட்சி எவ்வளவு காலம் நிலைத்தது என்பதை, வீழ்ந்த மணிமுடியைக் கொண்டு அளப்பதைவிட, நிலத்தின் ஏடு இறுதியில் எவர் கைக்கு வந்தது என்பதைக் கொண்டு அளப்பதே பொருத்தம் எனக் கருதுகிறோம். தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரையும் அந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம்.

இப்பகுதி, கருநாடக நவாப் முஹம்மது அலி வாலாஜா 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த செங்கற்பட்டு ஜாகீரைச் சேர்ந்தது. நவாபின் அரசை வீழ்த்தியது மக்கள் கிளர்ச்சியன்று; கடன். 1801இல் ஆட்சி போயிற்று. 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்ததும் பட்டமும் போயிற்று. 1867இல் ஆங்கிலேயர் அக்குடும்பத்தாருக்கு வழங்கிய ஆற்காட்டு இளவரசர் என்னும் பட்டம் மட்டும் எஞ்சியது.

நவாப் போனாலும் ஊர்களில் வேறொரு பிரபுத்துவம் வேரூன்றி நின்றது. அதன் பெயர் மிராசு. இச்சொல் 'மீராஸ்' என்னும் அரபுச் சொல்லின் திரிபே. நம் அரபுக் கல்லூரி மாணவர்கள் 'இல்முல் மீராஸ்' என்று பயிலும் பாகப்பிரிவினைக் கலையில், சொத்து மகளுக்கும் தாய்க்கும் மனைவிக்கும் பங்கு பங்காகப் பிரிந்து செல்லும். தமிழில் காணியாட்சி எனப்பட்ட மிராசோ அதற்கு நேர்மாறானது. ஊரின் நிலம் சில குடும்பங்களின் பரம்பரைப் பங்காக நின்றது. தரிசு நிலத்தைக் கேட்டு வெளியார் விண்ணப்பித்தாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. சேரியின் வீட்டுமனையும் தம்முடையதே என்று அவர்கள் உரிமை கொண்டாடினர். பங்கீட்டைக் குறிக்கும் சொல் பங்கிடாமையின் பெயராக மாறியது மொழியின் விந்தை.

இதன் கொடுமையை 1891இல் அறிக்கையாக எழுதியவர் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர். கூலி உழவர் குடியிருந்த மனையிலிருந்தே வெளியேற்றப்படலாம் என்ற அச்சம்தான் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது என்பதை அவர் கண்டார். அவ்வறிக்கையை அடுத்து, 1892 முதல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் எனப்படுவது இதுவே. பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அதிற் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். ஜமீன்கள் சட்டப்படி ஒழிந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர் நிகழ்ந்தது இது!

சட்டத்தின் வரிசை இவ்வாறு அமைந்தது. பிரகாசம் குழுவின் 1938ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் ஜமீன்களை நட்டஈடு கொடுத்து ஒழித்தது. 1963இல் எஞ்சிய இனாம்கள் ஒழிந்தன. 1971இல் இரண்டு நிகழ்வுகள் நேர்ந்தன. தில்லியில் 26ஆம் அரசியலமைப்புத் திருத்தம் மன்னர் மானியத்தை நீக்கியது. சென்னையில் குடியிருப்புச் சட்டம் உழவுத் தொழிலாளிக்கு அவன் குடியிருந்த மனையை உரிமையாக்கியது. முன்னது நாடெங்கும் பேசப்பட்டது. திரமென்ஹீர் சுட்டிய அச்சத்திற்கு மருந்து பின்னதுதான். அதை இன்று நினைப்பார் சிலரே.

பெயர்கள் எளிதில் அழிவதில்லை. குரோம்பேட்டையருகே ஜமீன் ராயப்பேட்டை, அதற்கு வடக்கே ஜமீன் பல்லாவரம் என்று இன்றும் முகவரி எழுதுகிறோம். எகிப்தில் 1952 புரட்சி 'பாஷா' பட்டத்தை ஒழித்தது. ஆனால் கெய்ரோத் தெருவில் காவல் அதிகாரியை இன்றும் 'பாஷா' என்றே அழைப்பர். அதே புரட்சி ஒருவர் வைத்திருக்கத்தக்க நிலத்துக்கு 200 ஃபத்தான் என உச்சவரம்பு விதித்தது. எகிப்தின் சிற்றூர்களை மாற்றியது அதுவே.

ஜமீன், இனாம் ஒழிப்பின்போது நிலவரித்திட்ட அலுவலர் முன் உரிமை கோரி எவரும் வராத நிலங்கள் 'அனாதீனம்' என்று ஏடேறின. தாம்பரம், பல்லாவரம் வட்டாரங்களில் அத்தகைய மனைகளை விலைக்கு வாங்கி வீடு கட்டியோர் பட்டாவுக்காகப் பல்லாண்டு அலைய நேர்ந்தது. பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் நவாபுகள் விட்ட இனாம்களும் 1963இன் சட்டங்களுக்கு உட்பட்டவையே. சில நிறுவனங்களுக்கு நிலத்தின் பட்டா கிடைத்தது; நிலவருவாய் உரிமை மட்டும் பெற்றிருந்தவற்றுக்கு 'தஸ்தீக்' என்னும் ஆண்டுத்தொகை நிர்ணயிக்கப்பட்டது. இதுவும் அரபுச் சொல்லே. உண்மைப்படுத்துதல் என்று பொருள். தங்கள் வக்ஃபு இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை மஹல்லா நிர்வாகிகள் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டிலும் கிராமத்தின் 'அ' பதிவேட்டிலும் ஒப்பிட்டுப் பார்த்து அறியலாம்.