காது எழுதும் தேர்வு

உயர்நிலை மூன்றில் இசைப்பாடம் எடுத்திருக்கும் என் மகளுக்குக் கணக்கைவிடக் கேட்டல் தேர்வுதான் பயம். ‘பாட்டு அழகாக இருக்கிறது’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. காதில் விழுந்ததைச் சொல்ல வேண்டும்.

ஹாண்டல் 1741இல் இயற்றிய ‘மெசையா’விலிருந்து ‘ஹாலேலூயா’ கூட்டுப்பாடலை வைத்துப் பழகினோம். ஒருமுறை கேட்டால் ஒரே கேள்வி.

முதலில், யார் பாடுகிறார்கள்? சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல்கள்.

அடுத்து, எப்படிச் சேர்கிறார்கள்? தொடக்கத்தில் நால்வரும் ஒரே தாளநடையில் சொல்கிறார்கள். சற்று நேரத்தில் எல்லாரும் ஒரே மெட்டில் இணைகிறார்கள். பிறகு பேஸ் தொடங்க, டெனர், ஆல்டோ, சொப்ரானோ என ஒன்றையொன்று துரத்துகின்றன.

கடைசியாக, டிரம்பெட்டும் டிம்பனி மேளமும் எங்கே நுழைகின்றன?

கர்நாடக இசை வகுப்பில் சங்கதிகளைப் பிரித்துக் கேட்ட பிள்ளைகளுக்கு இது பழகிய வேலைதான். தேர்வில் வேறு பாட்டு வரலாம், கேள்விகள் இவைதாம். இந்த வாரம் பிள்ளையுடன் ஒரு பாட்டை மூன்று முறை கேட்டுப் பாருங்கள்.