லினக்ஸ் எளிதா? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில் வைத்துப் பார்ப்போம்

14 அக்டோபர் 2025 அன்று விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. சரி, விண்டோஸ் 11 போடலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் புராசஸர் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2015, 2016-இல் வாங்கிய கணினிகள் இதில் தேறாது. நேற்று வரை நன்றாக ஓடிய பெட்டி, இன்றும் ஓடுகிறது. ஆனால் வங்கிக் கணக்கைத் திறக்க மனசு பயப்படுகிறது.

கடைக்காரரைக் கேட்டால் "புதுசு வாங்கிடுங்க சார்" என்பார். கணினி தெரிந்த தம்பியைக் கேட்டால் "லினக்ஸ் போட்டுடுங்கண்ணா, காசே வேணாம்" என்பார். புதுசுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் ஆகும். லினக்ஸுக்குச் செலவு இல்லை, ஆனால் நமக்கு ஒத்துவருமா? சாதாரணப் பயனருக்கு லினக்ஸ் எளிதா என்ற பழைய கேள்வி இப்போது பல வீடுகளில் பணக் கேள்வியாகிவிட்டது.

எளிது என்றால் என்ன?

பயன்பாட்டு எளிமைக்கு ஐஎஸ்ஓ 9241-11 என்று ஒரு சர்வதேசத் தரநிலை உண்டு. 1998-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது. அதன் சாரம் இதுதான்: குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட வேலையை, குறிப்பிட்ட சூழலில், சரியாகவும் அதிகச் சிரமமின்றியும் திருப்தியாகவும் முடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதாவது, பொருளை மட்டும் மேசைமேல் வைத்துக்கொண்டு "இது எளிது", "இது கடினம்" என்று சொல்ல முடியாது. யாருக்கு, எந்த வேலைக்கு, எங்கே என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

லினக்ஸ் பற்றிய விவாதங்களில் பெரும்பாலானவை திரையிலேயே நின்றுவிடுகின்றன. மெனு எங்கே இருக்கிறது, கருப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டுமா, இப்படி. அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 2006-இல் தொடங்கிய லினக்ஸ் மின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சின்னமன் முகப்பில் கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7 பழகியவருக்குப் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. குரோம், ஃபயர்பாக்ஸ், விஎல்சி எல்லாமே அங்கேயும் அதேதான்.

அப்ப சிக்கல் எங்கே? கணினிக்கு வெளியே. நம்ம மேற்குப் புறநகரிலேயே மூன்று பயனர்களை வைத்துப் பார்ப்போம். மூன்றும் நான் அமைத்துக்கொண்ட மாதிரிகள்தான். ஆனால் இவர்கள் இல்லாத தெரு இங்கே குறைவு.

ஆவடி: ஒரு வீடு

ஓய்வுபெற்றவர் ஒருவர். செய்தி படிப்பார், யூடியூப் பார்ப்பார், மின்கட்டணம் கட்டுவார், வெளியூரில் இருக்கும் பேத்தியோடு வீடியோவில் பேசுவார். எல்லாமே பிரவுசருக்குள் முடிகிற வேலை. இவருக்கு லினக்ஸ் எளிது. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் கணினியின் வேகம் அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். புதுப்பிப்புக்காகத் திடீரென்று மறுதொடக்கம் ஆகிற தொல்லையும் குறைவு.

அம்பத்தூர்: ஒரு சிறு பட்டறை

1960-களில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பத்துப் பேர் வேலை பார்க்கிற ஒரு யூனிட். அலுவலகத்தில் ஒரே கணினி. அதில் டேலி, ஜிஎஸ்டி, வாடிக்கையாளர் அனுப்பும் டிராயிங்.

ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் திறந்துவிடும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இருந்தால், அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. மாற்றாக நியூகேஷ் போன்ற கட்டற்ற கணக்கு மென்பொருள்கள் உண்டு. ஆனால் ஆடிட்டர் கேட்பது டேலி கோப்பைத்தானே? டிராயிங்கும் அப்படித்தான். 2024 நவம்பரில் 1.0 பதிப்பைத் தொட்ட ஃப்ரீகேட் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஸ்டெப் கோப்பு வந்தால் திறந்துவிடும். வாடிக்கையாளர் சாலிட்வொர்க்ஸ் கோப்பையே அனுப்பினால் திறக்காது.

இங்கே லினக்ஸ் கடினம் என்பதைவிட, முதலாளி தனியாக முடிவெடுக்க முடியாது என்பதே சரி. அவருடைய கணினியை ஆடிட்டரும் வாடிக்கையாளரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பூந்தமல்லி: ஒரு டிடிபி கடை

மூன்றில் கஷ்டமானது இதுதான். கிரயப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், மனுக்கள் அடிக்கிற கடை.

முதல் தடை தட்டச்சு. யூனிகோடில் அடிப்பவருக்குப் பிரச்சினை இல்ல. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் ஐபஸ் வழியாகக் கிடைக்கிறது. ஆனால் பல கடைகளில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வருஷக்கணக்கான கோப்புகள் கிடக்கின்றன. அந்த முறையில், கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வேஷம் போடுகிறது. எழுத்துருவை லினக்ஸில் நிறுவினால் படிக்க முடியும். அடிப்பதற்கான விசைப்பலகை மென்பொருள்தான் விண்டோஸுக்கு உரியது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனால் பழகிய விரல் அரசாணைக்காக மாறாது.

இரண்டாவது தடை பக்க அமைப்பு. விண்டோஸில் லதா எழுத்துருவில் செய்த கோப்பை லினக்ஸில் லிப்ரெஆபீஸில் திறந்தால், லதா இல்லாததால் வேறு தமிழ் எழுத்துரு வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறும், வரி நகரும், பக்கம் நகரும். கடிதத்தில் பரவாயில்லை. முத்திரைத்தாளில் முத்திரைக்குக் கீழே சரியாகத் தொடங்க வேண்டிய வாசகம் இடம் மாறினால்? ஒரு தாள் வீணானால் அந்தத் தாளின் பணமும் போச்சு.

மூன்றாவது, பிரிண்டர். நம்ம ஊர்க் கடைகளில் அதிகம் பார்க்கிற கேனான் எல்பிபி 2900, கேப்ட் என்ற தனி முறையில்தான் கணினியோடு பேசும். லினக்ஸில் அதை ஓடவைக்கப் பொறுமை வேண்டும். எச்பி லேசர்ஜெட் 1020-க்குக் கூடுதலாக ஒரு பிளக்இன் இறக்க வேண்டும். முரண் என்னவென்றால், அண்மைக்கால வைஃபை பிரிண்டர்கள் பல, டிரைவரே கேட்காமல் லினக்ஸில் அச்சிடுகின்றன. பழைய கணினியைக் காப்பாற்ற வந்த லினக்ஸுக்குப் பழைய பிரிண்டர்தான் எதிரி.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் இது புதிய முயற்சி இல்லை. சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. அதே காலகட்டத்தில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 15 செப்டம்பர் 2011-இல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்க ஆண்டு மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன.

லினக்ஸ் அப்படி மாணவர் கைக்கே வந்து சேர்ந்தும், பழக்கமாக மாறவில்லை. காரணத்தைத் திரையில் தேட வேண்டாம். பென் டிரைவில் படமும் கேமும் கொடுக்கிற நண்பனிடம் விண்டோஸ். தெருமுனை சர்வீஸ் கடைக்காரருக்குத் தெரிந்ததும் விண்டோஸ். சிக்கினால் கேட்க ஆள் இருக்கிற பக்கம்தான் எவரும் போவார்கள்.

கேரளம் வேறு மாதிரி செய்தது. 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. இப்போது கைட் என்ற பெயரில் தொடர்கிறது. அவர்கள் கணினியில் மட்டும் லினக்ஸைப் போட்டு நிறுத்தவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடநூல், செய்முறைத் தேர்வு எல்லாமே அதில்தான். மாணவர் சிக்கினால் கேட்க ஆசிரியர் இருந்தார். மென்பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், சுற்றுச்சூழல்தான் வேறு.

உங்களுக்கு ஒத்துவருமா? ஒரு மாலையில் தெரிந்துகொள்ளலாம்

8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட்டை எழுதி, கணினியை அதிலிருந்தே தொடக்குங்கள். நிறுவு என்பதை அழுத்தாத வரை உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும். பிறகு வரிசையாக:

1. வைஃபை, ஒலி, கேமரா வேலை செய்கிறதா?
2. உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா?
3. நீங்கள் பழகிய விசைப்பலகையில் தமிழ் அடிக்க முடிகிறதா?
4. உங்கள் பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் பக்கம் நகர்கிறதா?
5. நீங்கள் விட முடியாத மென்பொருள் எது? அது அங்கே உண்டா?

வேகத்தை மட்டும் இதில் எடைபோடாதீர்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும். ஐந்தும் தேறினால், கோப்புகளையெல்லாம் வேறொரு டிஸ்கில் நகலெடுத்துவிட்டு நிறுவுங்கள். இரண்டாவதும் ஐந்தாவதும் தேறாவிட்டால், கடைக் கணினியில் கை வைக்க வேண்டாம். வீட்டில் இருக்கிற பழையதில் போட்டுப் பழகுங்கள்.

முடிந்தால் ஆறாவதாக ஒரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சிக்கினால் யாரைக் கூப்பிடுவேன்? அந்தப் பெயர் உடனே நினைவுக்கு வந்தால், லினக்ஸ் உங்களுக்கு எளிது.